போடிமெட்டு ஏற அரை யூனிட் போதும்!

"ஏண்ணே, தண்ணியில ஓடுற சைக்கிள் வருதாமே, பேட்டரி எல்லாம் இனி வேஸ்ட்டா?"

போடி டீக்கடையில், மேலே ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பி நின்ற ஒரு சிறு விவசாயி கேட்டார். ஜீப்புக் கூலியிலும் பெட்ரோல் விலையிலும் நொந்துபோனவரின் கேள்வி அது. சிரித்து ஒதுக்கக் கூடாது; கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒன்று. வெறும் தண்ணீரில் எந்த வண்டியும் ஓடாது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க வேண்டும். அதை உருளையில் அடைத்து, வண்டியில் உள்ள எரிபொருள் கலத்தில் காற்றின் ஆக்சிஜனோடு சேர்த்தால் மறுபடியும் மின்சாரம் வரும். ஆக, இரண்டு வண்டியிலும் மோட்டாரைச் சுற்றுவது கரண்டுதான். பேட்டரியில் அது நேரே வருகிறது. ஹைட்ரஜனில் ஊரைச் சுற்றி வருகிறது.

மலைக் கணக்கு

போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 26 கிலோமீட்டர். ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீட்டர். நம்ம மலையில் சரக்கு இறங்கும், ஆள் ஏறுவார். வெள்ளைக்காரன் காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கம்பி வழியே கொட்டகுடிக்கு இறக்கியதும் அப்படித்தான். அதனால் ஏறும்போது ஆள் 65 கிலோ, வண்டி 25 கிலோ, சாமான் 10 கிலோ என்று வைப்போம். மிதிக்காமல் மோட்டாரை மட்டும் நம்பினாலும், எல்லாத் தேய்மானமும் சேர்த்து அரை யூனிட் போதும். அம்புட்டுதான்!

அந்த அரை யூனிட்டைப் பேட்டரியில் வைக்க, சுவர் பிளக்கில் சுமார் 0.6 யூனிட் எடுக்கும். ஹைட்ரஜனில் என்றால் ஏறக்குறைய 30 கிராம் வேண்டும். அதற்குத் தண்ணீர் ஒன்றிரண்டு டம்ளர்தான். கரண்டு மட்டும் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் போகும்!

ஹைட்ரஜனுக்கும் சிறப்பு உண்டு. பிரான்சின் பிராக்மா நிறுவனம் செய்த 'ஆல்ஃபா' சைக்கிளில் 2 லிட்டர் உருளையை இரண்டே நிமிடத்தில் நிரப்பி, 100 கிலோமீட்டர் வரை போகலாம். 2018இல் அதன் விலை சுமார் 7,500 யூரோ. ஆனால் நிரப்பும் இடம் வேண்டுமே? குரங்கணியிலோ சிலமலையிலோ யார் பம்ப் வைப்பார்?

யூரியாவின் தாய்

ஹைட்ரஜன் நமக்குப் புதிதல்ல. யூரியா மூட்டையே இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்த ஹைட்ரஜனில் பிறந்ததுதான். 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. உர ஆலை, எஃகு ஆலை, கப்பல் இவற்றுக்கு அது பொருந்தலாம். அரை யூனிட்டில் மலையேறும் சைக்கிளுக்கு எதற்கு?

விதையை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுப் பட்டபாடு நமக்குத் தெரியும். எரிபொருளும் அப்படித்தான். ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். சைக்கிளுக்குப் போக வீட்டுக்கும் மிஞ்சும்.

வாங்குமுன் பாருங்கள்

பேட்டரியும் குறையில்லாதது அல்ல. கடையில் கிடைக்கும் பல சைக்கிள்களில் கால் யூனிட்டும் கொஞ்சமும்தான் கொள்ளளவு. மெட்டு ஏறப் பாதி வழி நாமே மிதிக்க வேண்டும். ஆகவே:

• வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 500க்குக் குறையக் கூடாது.
• கோபால்ட் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரி கேளுங்கள்; நீண்ட நாள் உழைக்கும்.
• 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு உட்பட்டால் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. ஆனால் சக்கரத்துக்குள் உள்ள மோட்டார் நீண்ட ஏற்றத்தில் சூடேறும். மிதிக்கும் இடத்தில், கியரோடு சேர்ந்த மோட்டார் நல்லது.
• மூட்டையோடு இறங்கும்போது உயிர் பிரேக்கில் இருக்கிறது. டிஸ்க் பிரேக் கட்டாயம்.
• 2022 விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஓடையில் வீசாதீர்கள், அந்தத் தண்ணீர்தான் கீழே நம்ம தோப்புக்கு வருகிறது.