பக்கம் பாதியில் நின்றால்: எழுத்து வேறு, பைட் வேறு

போன மாதம் ஒரு பெரியவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். "தம்பி, உங்க கல்வெட்டுப் பட்டியல் பார்த்தேன். பதினஞ்சோட நிறுத்திட்டீங்களே, மீதி கிடைக்கலையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தட்டச்சு செய்து ஏற்றியது 40. இவர் கேட்டார். கேட்காதவர்கள் அந்த ஊரில் பதினைந்துதான் என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

கோப்பு முழுசாக இருந்தது. சர்வர் லாகில் பிழை எதுவும் இல்லை. ஆங்கிலப் பக்கங்கள் ஒழுங்காக வந்தன.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, எங்கே வெட்டுப்படுகிறது என்பதை. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நின்றால் இடையில் இருக்கும் பஃபரைச் சந்தேகிக்கலாம். எனக்கோ சின்னப் பக்கம், பெரிய பக்கம் எல்லாமே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நின்றன. அளவு மாறுது, விகிதம் மாறலை. அப்போ இது கணக்குப் பிழை.

சர்வர் பதில் அனுப்பும்போது, உள்ளடக்கம் எவ்வளவு நீளம் என்று 'கன்டென்ட்-லெங்த்' என்ற தலைப்புவரியில் சொல்லும். அதை பைட் கணக்கில் சொல்ல வேண்டும். நான் பைத்தானில் எழுதிய குட்டி சர்வரோ சரத்தின் நீளத்தை அப்படியே போட்டிருந்தது. 'தமிழ்' என்பது கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் 5 குறிகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 15. நான் 5 என்று சொன்னால் பிரவுசர் 5 பைட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட்தான், அதனால் அங்கே தப்பு தெரியவே இல்லை. பட்டியலில் இடைவெளிகளும் எச்டிஎம்எல் குறிகளும் 1 பைட் என்பதால்தான் விகிதம் மூன்றில் ஒன்றைவிடக் கொஞ்சம் கூடியது.

இதில் ஒரு சூட்சுமம். நீளத்தைக் கூட்டிச் சொன்னால் மாட்டிக்கொள்வோம்: மீதி வரவில்லை என்று 'கர்ல்' 18ஆம் எண் பிழையைக் காட்டும். குறைத்துச் சொன்னால் சத்தமே வராது. மூடாத குறிகளையும் பிரவுசரே மூடி, பக்கத்தை முழுசு மாதிரி காட்டிவிடும். சில பக்கங்களின் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி இருந்தது. நடுவில் அறுபட்ட எழுத்து அது. நான்தான் கவனிக்கவில்லை.

திருத்தம் ஒரே வரி: முதலில் யூடிஎஃப்-8 ஆக மாற்று, பிறகு நீளத்தை எண்ணு.

பெரியவருக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டேன். இப்போதெல்லாம் எதை ஏற்றினாலும் முதல் வரியைப் பார்ப்பதில்லை, கடைசி வரியைத்தான் பார்க்கிறேன்.