பாடிக் காட்டு என்று சொல்லும் முன்...

நவராத்திரி வந்துவிட்டால் டெல்லியில் நம்மவர் வீடுகளில் ஒரு வசனம் தவறாமல் கேட்கும்: "ஆன்ட்டிக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு கண்ணா!" பாடுகிற குழந்தைக்குச் சுண்டலும் பாராட்டும் கிடைக்கும். அம்மாவின் புடவைத் தலைப்புக்குப் பின்னால் ஒளிகிற குழந்தைக்கோ, "வீட்டிலே நாள் முழுக்கப் பேசுவா, வெளியிலே வந்தா வாயைத் திறக்க மாட்டா" என்ற அறிமுகம். பெரியவர்கள் சிரிப்பார்கள். குழந்தை இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்ளும்.

18 ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் நம் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இப்படி ஒன்றிரண்டு குழந்தைகளாவது வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்காகவே இந்தக் கட்டுரை.

கூச்சமா, பயமா?

கூச்ச சுபாவம் ஒரு நோய் அல்ல. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஜெரோம் கேகன் குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பல ஆண்டுகள் கவனித்து வந்தார். புதிய முகம், புதிய இடம் என்றால் தயங்குவது சிலருக்குப் பிறவியிலேயே அமைந்த இயல்பு என்று அவர் கண்டார். அந்தக் குழந்தைகளில் பலர் வளர்ந்தபின் சாதாரணமாகப் பழகினார்கள் என்பதும் அவர் கண்டதுதான்.

ஆனால் அந்தத் தயக்கம் குழந்தையின் அன்றாட வாழ்க்கையைத் தடுக்கத் தொடங்கினால் அதைக் கவனிக்க வேண்டும். மற்றவர் தன்னைப் பார்ப்பார்களே, தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்ற அச்சம் ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கிறதா? பெரியவர்களிடம் மட்டுமல்லாமல் தன் வயதுக் குழந்தைகளிடமும் அப்படித்தானா? பள்ளிக்குப் போகும் நேரத்தில் வயிற்றுவலி, அழுகை, அடம் எல்லாம் வருகிறதா? அப்படியானால் மனநல மருத்துவர்கள் இதைச் சமூகப் பதற்றம் என்பார்கள். பெரும்பாலும் இது 8 முதல் 15 வயதுக்குள் தலைகாட்டுகிறது. வீட்டில் சரளமாகப் பேசிவிட்டுப் பள்ளியில் ஒரு சொல்லும் பேசாத இன்னொரு வகை, ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடும்.

மொழிதான் காரணமா?

மாற்றலாகி வந்த குடும்பங்களுக்கு இங்கே ஒரு குழப்பம் உண்டு. "ஹிந்தி தெரியாததால் பேசவில்லை, போகப் போகச் சரியாகிவிடும்" என்று நினைப்போம். பல குழந்தைகள் விஷயத்தில் அது உண்மைதான். புது மொழியைக் காதில் வாங்கும் காலத்தில் சில மாதங்கள் மௌனமாக இருப்பது இயற்கை. ஆகவே பள்ளி சேர்ந்த முதல் மாதத்து மௌனத்தையோ, மொழி தெரியாததால் வரும் மௌனத்தையோ மருத்துவர்கள் கோளாறாகக் கணக்கிடுவதில்லை.

என்னிடம் வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்தது. ஊரிலிருக்கும் தாத்தாவுடன் போனில் மணிக்கணக்கில் பேசுவாள். பள்ளியில் முதல் பருவம் முழுவதும் வாயைத் திறக்கவில்லை. வருகைப் பதிவின்போது 'பிரசன்ட்' என்றுகூடச் சொல்லமாட்டாள். கழிவறைக்குப் போக அனுமதி கேட்கப் பயந்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்த பிறகுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. அதுவரை பள்ளி அனுப்பிய முன்னேற்ற அறிக்கையில் "அமைதியான, நல்ல குழந்தை" என்றே எழுதியிருந்தது!

எல்லோரும் தமிழ் பேசும் என் வகுப்பிலும் அவள் பேசவில்லை. மொழி மட்டும் காரணமல்ல என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. நம் தமிழ் வகுப்புகளுக்கு இப்படி ஒரு பயன் உண்டு. ஹிந்தியில் தடுமாறும் குழந்தை இங்கே வந்தால் கலகலப்பாகிவிடும். பயந்த குழந்தை இங்கேயும் மௌனமாகவே இருக்கும்.

படிப்படியாக...

குழந்தை மனநல மருத்துவர் ஒருவரின் யோசனைப்படி அந்தத் தாயும் நானும் ஒரு வழியைப் பின்பற்றினோம். வகுப்புக்கு 20 நிமிடம் முன்னதாகவே இருவரும் வந்துவிடுவார்கள். காலி அறையில் அம்மாவும் மகளும் பல்லாங்குழி ஆடுவார்கள். முதல் வாரம் நான் வாசலுக்கு வெளியே இருந்தேன். அடுத்த வாரங்களில் அறையின் மூலையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினேன். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல நாற்காலியை அருகே நகர்த்தினேன். ஐந்தாவது வாரம் நான் பக்கத்தில் இருக்கும்போதே அம்மாவிடம் கிசுகிசுத்தாள். எட்டாவது வாரம், "இந்தக் குழியில் எத்தனை சோழி?" என்று நான் கேட்டதற்கு "ஆறு" என்றாள். அதன் பின் ஒரு தோழியையும் ஆட்டத்தில் சேர்த்தோம்.

பள்ளியில் வகுப்பு ஆசிரியையிடம் தாய் பேசினார். கழிவறைக்குப் போக வேண்டுமானால் ஒரு நீல அட்டையைக் காட்டினால் போதும், வருகைப் பதிவுக்குக் கையைத் தூக்கினால் போதும் என்று ஏற்பாடாயிற்று. ஆண்டு முடிவில் அட்டை தேவைப்படவில்லை. அவள் மேடையேறிப் பேசிவிடவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் ரப்பர் கேட்டாள். அந்தத் தாய்க்கு அதுவே திருவிழாவாக இருந்தது.

பெற்றோர் செய்யக்கூடியவை

குழந்தைக்குப் பதிலாக நாம் பதில் சொல்லும் பழக்கத்தை முதலில் குறைக்க வேண்டும். "உன் பேர் என்னம்மா?" என்று யாராவது கேட்டால், மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பதில் வராவிட்டால், "பேரு சொல்றியா, எத்தனாவது படிக்கிறேன்னு சொல்றியா?" என்று எளிதாக்கிக் கேளுங்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ், பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி தரும் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியிருக்கிறார். குழந்தையின் பயத்துக்கு ஏற்றபடி வீடே வளைந்துகொடுப்பதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, "உனக்குப் பயமாக இருக்கிறது, தெரிகிறது. உன்னால் முடியும் என்றும் தெரியும்" என்று ஆதரவு சொல்வதே அதன் அடிப்படை.

அடுத்து, சிறு படிகளாக ஓர் ஏணி அமையுங்கள். இந்த வாரம் மதர் டெய்ரி பூத்தில் காசை மட்டும் குழந்தை கொடுக்கட்டும். அடுத்த வாரம் 'ஏக் லிட்டர்' என்று சொல்லட்டும். பிறகு லிஃப்டில் பக்கத்து வீட்டு மாமாவுக்கு வணக்கம் சொல்லட்டும். ஒரு படி பழகிய பிறகே அடுத்த படி. அதைச் செய்து முடித்ததும் அங்கேயே கைதட்டி ஊரைக் கூட்டாதீர்கள். வீட்டுக்கு வந்து தனியாகப் பாராட்டுங்கள்.

"இவள் ஊமைக்கோட்டான்", "தம்பியைப் பார், எப்படிப் பேசுகிறான்!" போன்ற சொற்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பயம் போகட்டும் என்று திடீரென மேடையில் ஏற்றுவதும் வேண்டாம். நடுங்கி இறங்கி வரும் குழந்தைக்கு மேடை இன்னும் உயரமாகத்தான் தெரியும்.

பள்ளிக்கே போக மறுத்தாலோ, சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ, பேச்சில்லாமல் மாதங்கள் கடந்தாலோ மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை இதற்கு நல்ல பலன் தருகிறது. மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். டெல்லியில் எய்ம்ஸ் மருத்துவமனையிலும், தில்ஷாத் கார்டனிலுள்ள இஹ்பாஸிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்குப் பெயர் கேட்டு வரும்போது, பாடுகிற, ஆடுகிற குழந்தைகளோடு நின்றுவிடாதீர்கள். வாசலில் சந்தனக் கிண்ணம் ஏந்தி நிற்க, வருகிறவர்களுக்குக் கற்கண்டு கொடுக்க, திரையை இழுக்க என்று பேச்சு வேண்டாத வேலைகள் எத்தனையோ உண்டு. அவற்றுக்கு நம் மௌனக் குழந்தைகளையும் அழையுங்கள். பெயரைக் கேட்டுப் பதில் வராவிட்டால், அவர்கள் அம்மாவைப் பார்க்காமல் ஐந்து வரை எண்ணுங்கள்.