சங்கும் வளையும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கமும், காவிரித் தென்கரையிலுள்ள உறையூரும் கடலுக்குச் சேய்மையிலுள்ள ஊர்கள். ஆயினும் இவ்வூர்களைச் சார்ந்த பாடல்கள் சிலவற்றின் பொருளை அறியக் கடல்படு பொருளாகிய சங்கின் தொழிலை அறிதல் வேண்டும் என்பது நம் கருத்து.

'வளை' என்னும் சொல் சங்கினையும் கையணியையும் ஒருங்கே உணர்த்தும். இஃது ஒலியொப்புமையால் நேர்ந்ததன்று. சங்கின் உடல் நடுத்தண்டைச் சுற்றிச் சுரிந்து வளர்வது. தொழிலாளர் அதனை வாளரத்தாற் குறுக்கே அறுத்து வளையங்களாக்கி, உள்ளும் புறமும் அராவி, மேலே பூவேலை செய்வர். ஆகவே கைவளை என்பது சங்கின் ஒரு துண்டே. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சங்கு இதற்குப் பெரும்பாலும் உதவாது. வெயிலாலும் அலையாலும் தேய்ந்து, துளையுண்டு, ஒளி மங்கியிருக்கும். உயிர்ச்சங்கைக் குளித்தெடுத்தல் அதனாலேயே தனித்தொழிலாயிற்று.

அறுத்தபின் எஞ்சும் கழிவும் புலவர் கண்ணுக்குத் தப்பவில்லை. வேள்வி செய்யாத பார்ப்பான் வளையறுத்து ஒழித்த சங்கின் தலைப்பகுதியைக் கட்டவிழாத பகன்றை அரும்புக்கு உவமையாக்குகிறார் ஆவூர் மூலங்கிழார் (அகநானூறு, 24). பட்டறையை நேரிற் கண்டவர்க்கன்றி இவ்வுவமை எளிதில் தோன்றாது. கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகள் கிடைத்தமையை சேம்சு ஆர்னல் 1914இல் வெளியிட்ட தம் நூலிற் குறித்துள்ளார். பாட்டும் மண்ணும் ஈண்டு ஒன்றையொன்று தாங்குகின்றன.

இனி அரங்கத்திற்கு வருவோம். உறையூரில் தோன்றியவராகக் கூறப்படும் திருப்பாணாழ்வார், அமலனாதிபிரானின் ஏழாம் பாசுரத்தில் அரங்கன் கைச்சங்கின் சுரிவையே எடுத்தோதுகிறார். ஆண்டாளோ ஒரு வழக்கையே தொடுக்கிறாள். நாச்சியார் திருமொழியின் 11ஆம் திருமொழியில், அரங்கன் தன் கையில் விரும்பி ஏந்திய சங்கிற்கும், தான் விரும்பி அணிந்த சங்கிற்கும் வேறுபாடு உண்டோ என மகளிரை நோக்கி வினவுகிறாள். இதனைக் கற்பனை நயமென்று சொல்லி அமைதல் போதாது. இரண்டும் மெய்யாகவே ஒரே கடற்பொருள். ஒன்று முழுமையாய் அவன் கையில் இருக்கிறது, மற்றொன்று அறுபட்டு அவள் கையிலிருந்து கழல்கிறது. இவ்வொருமையே அவள் கேள்விக்கு அடிப்படை. கண்ணாடி வளையலை மனத்திற்கொண்டு படிப்போர்க்கு வழக்கின் பாதி மறைந்துவிடும்.

தமிழ்நாட்டில் சங்குவளை அணியும் வழக்கம் மிகவும் அருகிவிட்டது. வங்காளத்திலோ மணமான இந்துப் பெண்டிர் இன்றும் அதனை அணிகின்றனர். அவ்வளைகளுக்குத் தூத்துக்குடிக் கடலின் சங்குகள் நெடுங்காலம் சென்றன.