உயர் பகு எண்கள்

நீலகிரியின் உயர்ந்த மலைச் சரிவுகளில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கின்றது. அம்மலையிலேயே, உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், 1970ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வானொலித் தொலைநோக்கியை 24 பரவளையச் சட்டங்கள் தாங்கி நிற்கின்றன. குறிஞ்சி, எண்ணின் இயல்பறிந்து பூப்பதன்று. எனினும், 12, 24 என்னும் இவ்விரண்டும் கணித அறிஞர் தனியே வைத்து ஆராய்ந்த ஓரினத்தைச் சேர்ந்த எண்களாகும்.

12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்களும் மீதியின்றி வகுக்கும். அதனிற் சிறிய எண் எதற்கும் ஆறு காரணிகள் இல்லை. 24க்கு எட்டுக் காரணிகள் உண்டு. அதனிற் சிறிய எண் எதற்கும் எட்டு இல்லை. இவ்வாறு, தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் காரணிகளின் எண்ணிக்கையால் வெல்லும் எண் 'உயர் பகு எண்' எனப்படும்.

ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்தபோது இவ்வெண்களை ஆராய்ந்து, 1915இல் விரிவானதொரு கட்டுரை வெளியிட்டார். அவ்வாராய்ச்சிக்காக 1916இல் அப்பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. அவர் தந்த பட்டியலின் இறுதியில் நிற்பது 6746328388800 என்னும் எண். இஃது ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேற்பட்டது. நொடிக்கு ஓர் எண்ணாக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், இதனை அடைய இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இராமானுஜன் இதனை எவ்வாறு கண்டார்?

அவர்க்குத் துணை நின்றது பகாக் காரணிகளின் அமைப்பே. 12 = 2×2×3; 18 = 2×3×3. இரண்டிற்கும் காரணிகள் ஆறே. ஆயினும், சிறிய பகா எண்ணாகிய 2 மிகுந்து வருவதால் 12 சிறிதாயிற்று. ஆகவே, உயர் பகு எண்ணில் சிறிய பகா எண்ணைக் காட்டிலும் பெரிய பகா எண் மிகுதியாக வருதல் இல்லை; இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடுதலும் இல்லை. மேற்சொன்ன பேரெண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வருகின்றன. இம்முறைகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7×5×3×3×2×2×2×2×2 = 10080.

இத்துணை நுட்பமான பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 293318625600, அதற்குக் காரணிகள் 5040. பின்வந்தோர் அதனைக் கண்டு சேர்த்தனர். அதனை 23ஆல் பெருக்கிப் பார்ப்போர்க்குப் பட்டியலின் இறுதி எண்ணே விடையாகக் கிடைக்கும். விடுபட்ட எண், இறுதி எண்ணின் உள்ளேயே காரணியாய் அமைந்திருந்தது!

இக்குறையால் இராமானுஜன் பெருமை குன்றவில்லை. பேரறிஞர் கணக்கேயாயினும், அதனைத் தாமே செய்து பார்த்தலே கணிதம் கற்போர் கடமை. அதற்குத் தாளும் எழுதுகோலும் பொறுமையும் போதும்.