கறுப்பனுக்கு ஒரு வீடு வேண்டும்

‘நாய் நன்றியுள்ள பிராணி’ என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுக்கிறோம். இவ்வாண்டு என் மாணவர்கள் அந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த வேளையில், வகுப்பறை வாசலில் ஒரு பெரிய கறுப்பு நாய் படுத்திருந்தது. ‘என் நன்றியை எழுதுகிறீர்களே, உங்கள் நன்றி எங்கே?’ என்று அது கேட்பதுபோல் இருந்தது எனக்கு.

அதன் பெயர் கறுப்பன். தாய் தோட்டத்து நாய். தகப்பன் அல்சேஷன் என்று கேள்வி. வயது நான்கு, எடை 30 கிலோ. அவனை வளர்த்த குடும்பம் சென்ற ஆண்டு பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நாய்க்கு இடமில்லை. அவர்களும் கண்கலங்கித்தான் போனார்கள். குறை சொல்ல நான் வரவில்லை. தோட்டத்தை விட்டுப் பெயர்வது நம்மவர்க்குப் புதிதா என்ன? ஆனால், பூட்டிய லயத்து வீட்டுப் படியில் பத்து நாள் காத்துக் கிடந்தான் கறுப்பன். பிறகு, எலும்பும் தோலுமாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்தான்.

பள்ளிக் காவலாளியும் நானும் உண்ணி பொறுக்கி, குளிப்பாட்டி, மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். வெறிநாய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை எல்லாம் ஆயிற்று. 2017-இல் சரவாக்கில் வெறிநாய் நோய் பரவி மனித உயிர்களைப் பறித்தது. ஆகவே, வைத்தியர் சொல்லும் தவணை தவறாமல் ஊசி போடுவது அவசியம்.

“நீங்களே வளர்க்கலாமே சார்?” என்பீர்கள். என் குடியிருப்புக்கு வேலியில்லை. சின்னப் பிள்ளைகள் பயப்படுவதாகப் பெற்றோர் சொல்கிறார்கள், அது நியாயமே. பள்ளி விடுமுறை முடிவதற்குள் அவனுக்கு இடம் தேடியாக வேண்டும். இல்லையேல் நாய் பிடிக்கும் வண்டிதான் கதி.

ஏற்கெனவே ஒரு குடும்பம் அழைத்துப்போய், நான்கே நாளில் திருப்பிக் கொண்டு வந்துவிட்டது. “உருவம்தான் பெரிசு, குரைக்கவே மாட்டேங்குது சார்!” என்றார் வீட்டுக்காரர். நாளெல்லாம் குட்டைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தார்களாம். புது இடம் பழக நாய்க்குச் சில வாரங்களாவது ஆகும். எந்நேரமும் கட்டிக் கிடக்கும் நாய் காவல் நாயாகாது. மிரண்ட நாயாகத்தான் ஆகும்.

கறுப்பனின் குறைகளை மறைக்க மாட்டேன். இடி இடித்தால் மேசைக்கடியில் ஒளிவான். கோழியைக் கண்டால் துரத்துவான். துடைப்பத்தை ஓங்கினால் நடுங்குவான். ஆனால், பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் உறுமியதில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மிஞ்சிய குழம்பைச் சோற்றில் பிசைந்து நாய்க்கு வைப்பது நம் வழக்கம். அதிலுள்ள வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாய் உடைந்து குடலைக் கிழிக்கும். உப்பு, காரம், வெங்காயம் சேராமல் வேகவைத்த மீனும் கோழியும் சோறும் கொடுக்கலாம்.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் உண்டு. பிராணியை வதைப்பவருக்குக் குறைந்தது 20,000 வெள்ளி, கூடினால் 100,000 வெள்ளி வரை அபராதம். சிறைத் தண்டனையும் உண்டு. சட்டத்துக்குப் பயந்து வதைக்காமல் இருக்கலாம். அன்பு வைக்க மனம்தான் வேண்டும்.

கறுப்பனைக் கேட்டு வருவோரிடம் நான் கேட்கப் போவது நான்கே கேள்விகள். வீட்டுக்கு வேலி உண்டா? வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா? நாய் வளர்க்க அனுமதியும் அக்கம்பக்கத்தாரின் இணக்கமும் உண்டா? நாளை நீங்கள் வீடு மாறினால், கறுப்பனும் உங்களோடு வருவானா?

கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று மனமாரச் சொல்பவர்கள், இந்த இதழின் முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். என்னிடம் வந்து சேரும். இன்று காலையும் பள்ளி வாசலில் லாரிச் சத்தம் கேட்டதும் கறுப்பன் எழுந்து ஓடினான். வீட்டுச் சாமான்களை ஏற்றிப் போனதும் ஒரு லாரிதான்.