தீர்ப்பு நகல் எங்கே?

புனே நகரில் எரவாடா மத்திய சிறை உள்ளது. காந்தியடிகள் அடைக்கப்பட்டிருந்த சிறை அது.

1973ஆம் ஆண்டு அந்தச் சிறைக்கு ஒரு தீர்ப்பின் நகல் வந்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் அனுப்பியது. ஒரு கைதிக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை. அவருக்கு இலவசமாகத் தர வேண்டிய நகல் அது.

தண்டனையை எதிர்த்து மேல் நீதிமன்றத்துக்குப் போவது மேல்முறையீடு. அதற்குத் தீர்ப்பு நகல் வேண்டும். அதற்கு ஒரு கெடுவும் உண்டு.

அந்தக் கைதியின் மனு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தாமதம். அதற்குள் அவர் தண்டனை முழுவதையும் அனுபவித்து முடித்துவிட்டார்!

ஏன் தாமதம்? நகல் கைக்கு வரவில்லை என்றார் கைதி. கொடுத்தோம் என்றது சிறை அலுவலகம். கருணை மனுவோடு இணைக்கத் திரும்ப வாங்கினோம் என்றும் சொன்னது. வாங்கியதற்குக் கைதியின் கையெழுத்து உண்டா? இல்லை.

1978 ஆகஸ்டில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். கைதியின் மனு தள்ளுபடி ஆனது. ஆனால் அந்தத் தீர்ப்பு எல்லாக் கைதிகளுக்கும் வழி காட்டியது.

சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும்.
சிறை அதிகாரி அதைக் கைதியிடம் கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டும்.
மேல்முறையீடு செய்யச் சிறையில் வசதி தர வேண்டும்.
வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும்.

கெடு எத்தனை நாள்?

செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். உயர்நீதிமன்றத்தில் 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள்தான். நகல் கேட்டு மனுக் கொடுத்த நாள் முதல் நகல் தயாராகும் வரை ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது.

கெடு தாண்டிவிட்டால்?

மனம் தளர வேண்டாம். தாமதத்துக்குத் தக்க காரணத்தை எழுதி மனுச் செய்யலாம். காரணம் சரி என்று பட்டால் நீதிமன்றம் தாமதத்தை மன்னிக்கும். நகல் தாமதமாக வந்தது என்றால், வந்த தேதிக்குச் சான்று வேண்டும். கையெழுத்தும் தேதியும்தான் அந்தச் சான்று.

யாரிடம் உதவி கேட்பது?

சிறையில் இருப்பவர் மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். வீட்டார் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வக்கீல் உண்டு.

நகல் கையில் வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பக்கத்திலேயே அன்றைய தேதியையும் எழுதுங்கள்.