மகன் வளரவில்லையே என்று கலங்குகிறீர்களா?



சென்ற பெருநாளுக்குத் தைத்த கால்சட்டை இந்தப் பெருநாளுக்கும் உங்கள் மகனுக்குச் சரியாக இருக்கிறதா? செலவு மிச்சம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு ஓராண்டில் உடை குட்டையாகிவிட வேண்டும்.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பள்ளி விட்டு வரும் மாணவர்களைப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். மற்றொருவன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் போல் தோன்றுவான். இருவருமே நலமுள்ளவர்களாக இருக்கலாம். இருக்கலாம் என்பதை உறுதி செய்துகொள்வதே நம் கடமை.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் அமைந்துள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. அது இடைவிடாமல் சுரப்பதில்லை. அலை அலையாக, பெரும்பாலும் இரவின் ஆழ்ந்த உறக்கத்தில் சுரக்கிறது. ஆகவே, பகலில் ஒருமுறை எடுக்கும் இரத்தத்தில் அதன் அளவு குறைவாக இருப்பதை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. மருந்து கொடுத்துச் சுரப்பைத் தூண்டி, பலமுறை இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பருவமடையும்போது ஆண் ஹார்மோன் பெருகி, வளர்ச்சி ஹார்மோனையும் தூண்டிவிடுகிறது. பருவம் தாமதமாகும் பையனுக்கு அத்தூண்டுதல் இல்லாததால், சோதனையில் சுரப்புக் குறைவாகத் தோன்றக்கூடும். அதனால்தான் சில மருத்துவர்கள் சோதனைக்கு முன் சிறிதளவு ஆண் ஹார்மோன் கொடுத்துப் பார்க்கின்றனர். இத்தகைய பையனின் இடது கையை எக்ஸ்ரே எடுத்தால், வயது 13 ஆகியும் எலும்பின் வயது 11 என்று காட்டலாம். அவனுடைய தந்தையோ தாய்மாமனோ கல்லூரி வயதில்தான் உயர்ந்திருப்பார். இவனும் பிந்தி வளர்வான், இன்ஷா அல்லாஹ்.

ஆயினும் எல்லாத் தாமதமும் இவ்வகை அன்று. சத்துக்குறைவு, தைராய்டு குறை, சிறுநீரக நோய், நாள்பட்ட குடல் நோய் ஆகியவையும் வளர்ச்சியைத் தடுக்கும். ஐந்து வயதுக்குப் பின் ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 செ.மீ. வளர வேண்டும். 4 செ.மீ.க்கும் குறைந்தாலோ, 14 வயதாகியும் பருவ அடையாளம் இல்லையென்றாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தாமதியாதீர்கள். எழும்பூர் ஹால்ஸ் சாலையில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது.

பெற்றோரின் உயரத்தைக் கொண்டு ஒரு கணக்கும் போடலாம். தந்தை 166 செ.மீ., தாய் 153 செ.மீ. என்றால், இரண்டையும் கூட்டி, அத்துடன் 13 சேர்த்துப் பாதியாக்குங்கள், 166 வரும். மகனின் உயரம் இதற்குச் சற்று முன்பின்னாக அமையும்.

ஹார்மோன் உண்மையிலேயே குறைந்திருந்தால் ஊசி மருந்து உண்டு. 1985 வரை அது இறந்தோரின் சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் சிலருக்குக் கொடிய மூளைநோய் தொற்றவே கைவிடப்பட்டது. இன்றைய மருந்து ஆய்வகத்தில் உருவாக்கப்படுவது. விலை அதிகம், பல ஆண்டுகள் போட வேண்டும். கால்பந்து வீரர் லயோனல் மெஸ்ஸி சிறுவயதில் இந்த ஊசி போட்டுக்கொண்டவரே. எலும்பின் வளர்தட்டு மூடிவிட்டாலோ எந்த ஊசியும் உயரம் தராது. காலம் முக்கியம் என்பது இதனால்தான்.

விளம்பரத்தில் வரும் உயரப் பொடிகளில் பணத்தைக் கரைக்காதீர்கள். உடம்பு தேறுவதற்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை, வளர்ச்சியையே தடுத்துவிடும். உறவினர் நடுவில் மகனைக் ‘குள்ளன்’ என்று அழைக்கவும் விடாதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமையே மகனைச் செருப்பின்றிச் சுவரோரம் நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒரு கோடு, ஓராண்டில் மற்றொன்று. மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.